ஆராய்ச்சி யாருக்கு?

அந்நிய மூலதனத்தை வரவழைக்கும் ராஜாங்கக் கொள்கையால் குடிமக்கள் அடையும் பலன் என்ன? மறைமலை நகரில் போர்டு மோட்டார் உற்பத்தி 2022-ல் நின்றபோது எழுந்த இக்கேள்வி, சர்வதேசக் கொள்கை ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்கு உரியதே. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வெளிவருகின்றன; பல, சந்தாதாரருக்கே கிட்டுகின்றன. சர்க்கார் கலாசாலைகள் ஆராய்ச்சிப் பத்திரிகைகளைப் படிப்பதற்கென மத்திய சர்க்கார் 2024-ல், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. வரவேற்கிறோம். எனினும், வரி செலுத்தும் தொழிலாளி கலாசாலைக்கு வெளியேயன்றோ நிற்கிறான்?

அந்நகருக்குத் தம் பெயரை ஈந்த மறைமலையடிகள், 1902-ல் 'ஞானசாகரம்' பத்திரிகையைத் தொடங்கி, ஆராய்ச்சியைத் தமிழிலேயே தமிழருக்கு வழங்கினார். தமிழ்நாட்டைப் பற்றிப் பொதுப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சி ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச் சுருக்கம் இலவசமாக வெளியாகவேண்டுமெனச் சர்க்கார் நிபந்தனை விதிக்கட்டும். தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்து மறுக்கும் உரிமை ஜனங்களுக்கு உண்டு.