எர்த்துக்குப் பாயிண்ட் கணக்கு கிடையாது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு ஐ.டி.ஐ. வாசலுக்கு வருகிறவர்கள் அதிகம் விசாரிக்கும் பிரிவுகளில் எலக்ட்ரீஷியனும் ஒன்று. இரண்டு வருடப் படிப்பு. அரசு ஐ.டி.ஐ. என்றால் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ். முடித்தவர் அப்ரெண்டிஸாகப் போகலாம், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், வயர்மேன் சான்று வாங்கித் தனியாகத் தொழில் பார்க்கலாம். இப்போது சோலார், மின்வண்டி சார்ஜர் என்று புது வேலைகளும் சேர்ந்திருக்கின்றன. இதெல்லாம் பெற்றோருக்குத் தெரிந்ததுதான். பட்டறைக்குள் நடப்பதுதான் வெளியே தெரிவதில்லை.

முதல் வருஷம் பெரும்பாலும் ஒயரோடும் மரப்பலகையோடும் போகும். கம்பியில் வெட்டு விழாமல் மேல்தோலை உரிப்பது, டி ஜாயிண்ட், பிரிட்டானியா ஜாயிண்ட், பிறகு மாடிப்படி விளக்கு. கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச், எதைத் தட்டினாலும் பல்பு எரியவும் அணையவும் வேண்டும். ஸ்விட்ச் வழியாகப் போக வேண்டியது பேஸ். நியூட்ரல் நேராகப் பல்புக்கு. மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியத்தான் செய்யும். ஆனால் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பல்பைக் கழற்றுகிறவர் விரலுக்கு 230 வோல்ட் காத்திருக்கும். ‘எரியுதே சார்’ என்று சொல்லும் பையனைப் பலகை முழுவதையும் பிரிக்க வைப்பது இதற்காகத்தான்.

படிப்பு எதற்கு, வேலையோடு வேலையாகப் பழகினால் போதாதா என்பவர்கள் உண்டு. சுவரில் காடி எடுப்பதிலும் பைப்பில் ஒயர் இழுப்பதிலும் அவர்கள் கைவேகம் தனி, மறுப்பதற்கில்லை.

எர்த் விஷயத்துக்கு வந்தால் கதை வேறு.

வீட்டு ஒயரிங் கூலி பாயிண்ட் கணக்கில் பேசப்படுகிறது. லைட் பாயிண்ட், ஃபேன் பாயிண்ட், பிளக் பாயிண்ட். எர்த் குழிக்கு அதில் இடமில்லை. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும், கோடையில் தண்ணீர் ஊற்ற மேலே ஒரு புனல் என்று பாடத்தில் இருப்பதைச் சொன்னால், டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்கிய வீட்டுக்காரர், “அதெல்லாம் எதுக்குப்பா?” என்கிறார்.

அங்கேதான் குறுக்கு வழி பிறக்கிறது. மூன்று பின் சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயர். ஃப்ரிட்ஜ் ஓடும், வாஷிங் மெஷின் சுற்றும். என்றைக்காவது மெயினிலிருந்து வரும் நியூட்ரல் விட்டுப்போனால், ஃப்ரிட்ஜுக்குள் போன பேஸ் அந்தத் துண்டு ஒயர் வழியாக அதன் இரும்பு உடம்புக்கு வந்துவிடும்.

கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்ளும் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்றுதான் அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் விழுந்துவிடும். துண்டு ஒயர் இருந்தால், ஃப்ரிட்ஜ் உடம்புக்குக் கசிவதும் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுகிறது. கணக்கு நேராகிவிட்டதால் அது அசையாது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் டக்கென்று விழும். அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவை உண்டாக்கிக்கொள்கிறது. வீட்டில் எர்த் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. பட்டன் வேலை செய்வதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கும் வீடுகள் எத்தனையோ!

படித்தவர் கையில் ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தால் போதும். 40 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைக்கிறார். ஆர்.சி.சி.பி. உடனே விழுந்தால் எர்த் பிடித்திருக்கிறது. விழவும் இல்லை, பல்பும் எரியவில்லை என்றால் எர்த் இல்லை. பல்பு பளிச்சென்று எரிந்து, நல்ல ஆர்.சி.சி.பி.யும் அப்படியே நின்றால், சாக்கெட்டைக் கழற்றித் துண்டு ஒயரைத் தேட வேண்டியதுதான். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால், வேலை எடுத்தவரையே ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் இதைச் செய்து காட்டச் சொல்லலாம்.