கரும்பலகையில் ஒரு நீர்த்தேக்கம்

தமிழாசிரியர்க்குக் கணினியினிடத்து என்ன வேலை என வினவுவார் உளர். எமக்கும் அவ்வையம் இருந்தது. விஞ்ஞான ஆசிரியர் வாராத நாளொன்றில் அவர்தம் பாடவேளை எம்மிடம் வந்தமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

திகன மாணாக்கர்க்கு விக்டோரியா அணை புதியதன்று. 1985இல் திறந்துவைக்கப்பட்ட அவ்வளைவணையின் உயரம் 122 மீற்றர். அது தேக்கவல்ல நீர் ஏறத்தாழ 72 கோடி கனமீற்றர். அத்தேக்கத்தையே கரும்பலகையில் இயங்கச் செய்தோம். இன்றைய இருப்புடன் வரும் நீரைக் கூட்டிச் செல்லும் நீரைக் கழித்தால் நாளைய இருப்பாகும். அதனை முதலாகக் கொண்டு அடுத்த நாளைக் கணித்தல் வேண்டும். செக்கனுக்கு 100 கனமீற்றர் வருகின்றது, 140 செல்கின்றது எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 86,400 செக்கன். ஆதலின் நாள்தோறும் ஏறத்தாழ 34½ இலட்சம் கனமீற்றர் குறையும். நிறைந்த தேக்கம் 209ஆம் நாளில் வற்றிவிடும்!

பத்து வரி எழுதுமுன் மாணவர் சலித்தனர். கணினியின் விரிதாளில் அவ்விதியை ஒருமுறை இட்டதும் ஓராண்டு நொடியிற் கடந்தது. கணிப்பு விஞ்ஞானத்தின் கரு இதுவே. வானிலை முன்னறிவிப்போரும் இம்முறையையே பன்மடங்கு விரித்துச் செய்கின்றனர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் இயங்கு மாதிரிகளுட் சில தமிழிலும் உள, கட்டணமில்லை.

“மழை பெய்யாதா, சேர்? கதவை மூடமாட்டார்களா?” என்றான் ஒருவன். நன்று கேட்டான்! இவ்விடத்தில் எம் இலக்கணம் துணைக்கு வந்தது. இம்முறையை ‘உருவகப்படுத்தல்’ என்பர் சிலர். ‘பாவனை’ எனின், இலங்கையில் அது பயன்பாட்டையே பெரிதும் குறிக்கும். எமக்கோ முன்னைய சொல்லே உறுத்துகின்றது. ‘முகமதி’ என்னும் உருவகத்தில் முகமும் மதியும் ஒன்றாகிவிடுகின்றன. ‘மதிமுகம்’ என்னும் உவமையிலோ இரண்டும் வேறாகவே நிற்கும், பொதுத்தன்மை ஒன்றே அவற்றை இணைக்கும். கணினி காட்டும் தேக்கம் உவமையேயன்றி உருவகமன்று. நீரின் வரவு செலவே இங்குப் பொதுத்தன்மை. நீருள் மூழ்கிய பழைய தெல்தெனிய நகர் அதில் இல்லை.

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இப்பகுதியிற் சிறு நில அதிர்வுகள் பலமுறை உணரப்பட்டன. அவ்வச்சம் சில வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. பின்வரிசை மாணவன் ஒருவன் மெல்ல எழுந்து, “நிலம் நடுங்கினால் அணை தாங்குமா என்று இதிற் பார்க்கலாமா?” என்றான். வகுப்பு அமைதியாயிற்று. இவ்வட்டவணை நீரை அறியும், பாறையை அறியாது என்றோம். அவ்வினாவுக்குப் பல்லேகலையிலுள்ள நில அதிர்வுமானி போன்ற கருவிகளின் அளவுகளும், கற்பாறையின் இயல்பும், பொறியியலார் அமைக்கும் வேறு மாதிரியும் வேண்டும். தாங்கும் என்றோ தாங்காது என்றோ நாம் கூறவில்லை; கூறியிருப்பின் அது கல்வியாகாது.

அன்றுமுதல் ஒவ்வோர் அட்டவணையின் கீழும் ‘இதில் அடங்காதவை’ என ஒரு வரி எழுதுவிக்கின்றோம். அவ்வரி சில வேளைகளில் அட்டவணையினும் நீண்டுவிடுகின்றது.