உடைத்துப் பார்க்க முடியாத சரக்கு

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி சந்தையில் வெல்லம் வாங்குபவர் உடைத்துப் பார்க்கிறார், சுவைத்துப் பார்க்கிறார், பிறகே விலை பேசுகிறார். ஆய்வுக்கூடங்கள் வாங்கும் 'ஆன்டிபாடி' என்னும் எதிர்ப்பொருளை அவ்வாறு சோதித்து வாங்க இயலாது.

குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் இனங்கண்டு பற்றுவதே எதிர்ப்பொருளின் பணி. 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வாளர்கள் அறிவித்த 'கேஐ-67' எதிர்ப்பொருள், பெருகும் உயிரணுக்களில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றுகிறது; ஓய்வுநிலை உயிரணுக்களில் அப்புரதம் காணப்படுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் எத்தனை சதவீத உயிரணுக்கள் பெருகுகின்றன என்பதை அப்புரதத்தைக் கொண்டே இன்றும் மதிப்பிடுகின்றனர்.

எதிர்ப்பொருள் வேறொரு புரதத்தைப் பற்றிவிட்டால் ஆய்வின் முடிவே பிழையாகிவிடும். தரமற்ற எதிர்ப்பொருள்களால் உலகெங்கும் ஆண்டுக்கு 80 கோடி டாலர் வீணாவதாக 2015-இல் 'நேச்சர்' இதழில் அறிவியலாளர்கள் மதிப்பிட்டனர். தரத்தை வாங்குபவர் அறிய இயலாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கியது இங்கும் பொருந்துகிறது.

இதற்குத் தீர்வு உண்டு. அப்புரதம் நீக்கப்பட்ட உயிரணுவில் எதிர்ப்பொருள் எதையும் பற்றாதிருக்க வேண்டும். இச்சோதனையின் சான்றில்லாமல் வாங்கலாகாது என்று, மக்களின் வரிப்பணத்திலிருந்து ஆய்வுநிதி வழங்கும் அரசு அமைப்புகள் நிபந்தனை விதிக்க வேண்டும். வெல்லத்தை உடைத்துப் பார்ப்பதற்கு நிகரானது அதுவே.