சிவன் கோயிலுக்காக எல்லைச் சண்டை... ஆசியானால் ஏன் தடுக்க முடியவில்லை?

டாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பில், 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நிற்கிறது பிரெயா விஹார். கெமர் மன்னர்கள் சிவபெருமானுக்கு எழுப்பிய கோயில். அங்கோர்வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் காலத்திலும் இங்கே திருப்பணி நடந்திருக்கிறது. இதன் படிக்கட்டுகள் இறங்குவது தாய்லாந்து பக்கம். செங்குத்தான பாறைச் சரிவோ கம்போடியா பக்கம். பக்கத்து வீட்டுக்காரர்களான இந்த இரு நாடுகளும் பல ஆண்டுகளாக மோதிக்கொள்ளும் இடங்களில் முக்கியமானது இந்த மலைமுகடுதான்.

இரண்டு நாடுகளுமே ஆசியான் உறுப்பினர்கள். அப்படியிருந்தும் 2025-ல் மட்டும் இரண்டு முறை பீரங்கிகள் முழங்கின. சொந்தக் குடும்பத்துக்குள் நடக்கும் சண்டையை ஆசியானால் ஏன் நிறுத்த முடியவில்லை?

ஒரு வரைபடம் போட்ட முடிச்சு

கம்போடியாவை பிரான்ஸ் ஆண்ட காலம் அது. 1904-ல் பிரான்ஸும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) போட்ட ஒப்பந்தம், 'மலையில் மழைநீர் இருபக்கமும் பிரியும் கோடுதான் எல்லை' என்றது. அதன்பிறகு பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடத்தில் கோயில் கம்போடியா பக்கம் வந்துவிட்டது. 'ஒப்பந்தப்படி கோயில் எங்களுடையது' என்றது தாய்லாந்து. 'வரைபடத்தை இத்தனை வருஷம் ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்தீர்களே' என்றது கம்போடியா.

வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1962-ல் கோயில் கம்போடியாவுக்கே சொந்தம் எனத் தீர்ப்பு வந்தது. ஆனால், கோயிலைச் சுற்றியுள்ள சுமார் 4.6 சதுர கிலோமீட்டர் நிலம் யாருக்கு என்ற தகராறு ஓயவில்லை. 2008-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் துப்பாக்கிகள் மறுபடி பேச ஆரம்பித்தன.

2011: வராமலே போன பார்வையாளர்கள்

2011 பிப்ரவரியில் மோதல் முற்றியது. கம்போடியா ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் கதவைத் தட்டியது. கவுன்சிலோ, நிரந்தரப் போர்நிறுத்தம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, ஆசியானின் சமரச முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தது. அந்த ஆண்டு ஆசியான் தலைமை இந்தோனேசியாவிடம் இருந்தது. அதன் வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நடலேகாவா இரண்டு தலைநகரங்களுக்கும் ஓடினார். ஜகார்த்தாவில் வெளியுறவு அமைச்சர்களைக் கூட்டி, எல்லையின் இருபுறமும் இந்தோனேசியப் பார்வையாளர்களை நிறுத்துவதற்குச் சம்மதமும் வாங்கினார்.

ஆசியான் வரலாற்றில் அது பெரிய காரியம். ஆனால், அமைச்சர்கள் தந்த சம்மதத்தைத் தாய்லாந்து ராணுவம் ஏற்கவில்லை. பார்வையாளர்கள் எல்லைக்குப் போகவே இல்லை. ஏப்ரலில் மறுபடி சண்டை. கடைசியில் 2013-ல் சர்வதேச நீதிமன்றம், கோயில் நிற்கும் மலைமுகடு முழுவதும் கம்போடியாவுடையதே என்று விளக்கம் தந்தது. எல்லையின் மற்ற பகுதிகளுக்கு அதில் விடை இல்லை.

2025: போன் போட்டவர் யார்?

அந்த மற்ற பகுதிகளில்தான் 2025-ல் தீ பற்றியது. மே மாதம் நடந்த சிறு மோதலில் கம்போடிய வீரர் ஒருவர் இறந்தார். ஜூலை 24 அன்று, தா முவென் தோம் என்ற இன்னொரு பழைய சிவன் கோயில் அருகே வெடித்த சண்டை எல்லை நெடுகப் பரவியது. ஐந்தே நாட்களில் 40-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சுமார் 3 லட்சம் பேர் வீடுகளை விட்டு ஓடினார்கள்.

ஆசியான் தலைவராக இருந்த மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராஹிம் இரு தரப்பையும் புத்ராஜெயாவுக்கு அழைத்தார். ஜூலை 28-ல் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே அமெரிக்க அதிபர் டிரம்ப் இரு தலைவர்களுக்கும் போன் செய்து, சண்டை தொடர்ந்தால் வர்த்தக ஒப்பந்தம் கிடையாது எனச் சொல்லியிருந்தார். இரு நாடுகளுக்குமே அமெரிக்கா மிகப்பெரிய சந்தை. பேச்சுவார்த்தைக்கு மேஜை போட்டது ஆசியான் தலைவர். அதில் வந்து உட்காரவைத்த நெருக்கடியில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது.

அக்டோபரில் கோலாலம்பூரில், டிரம்ப் முன்னிலையில் கூட்டுப் பிரகடனம் கையெழுத்தானது. இரண்டே வாரத்தில் கண்ணிவெடியில் தாய்லாந்து வீரர்கள் காயமடைந்தனர். 'புதிதாகப் புதைத்தது' என்றது தாய்லாந்து. கம்போடியா மறுத்தது. உடன்பாட்டை நிறுத்திவைத்தது தாய்லாந்து. டிசம்பரில் மீண்டும் முழு அளவில் சண்டை மூண்டு, 5 லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தார்கள். டிசம்பர் 27-ல்தான் இன்னொரு போர்நிறுத்தம் வந்தது.

கையைக் கட்டும் விதி

ஆசியான் 1967-ல் பாங்காக்கில் பிறந்தது. அதைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. 'ஒருவர் உள்விவகாரத்தில் இன்னொருவர் தலையிடக் கூடாது. எல்லா முடிவும் ஒருமித்த சம்மதத்தோடுதான்' என்பவை அதன் ஆதார விதிகள். இந்த உத்தரவாதம் இருந்ததால்தான் மன்னராட்சி, ராணுவ ஆட்சி, கம்யூனிச ஆட்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் சேர முடிந்தது. கம்போடியா 1999-ல் சேர்ந்ததும் அப்படித்தான்.

சேர்த்துவைத்த அதே விதிதான் சண்டை வரும்போது கையைக் கட்டிப்போடுகிறது. சண்டை போடுபவரும் சம்மதித்தால்தான் ஆசியான் எதையும் செய்ய முடியும். தகராறுகளைத் தீர்க்க 1976 பாலி ஒப்பந்தத்திலேயே ஓர் உயர் கவுன்சிலுக்கு இடம் இருக்கிறது. அது ஒருமுறைகூடக் கூட்டப்பட்டதில்லை. ஆசியானுக்கென்று படையும் கிடையாது.

பெரிய நாடும் சிறிய நாடும் மோதும்போது இன்னொரு சிக்கல். 'நாங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்' என்பது பலம் அதிகமுள்ள தாய்லாந்தின் நிலை. ஐ.நா., நீதிமன்றம் என்று வெளியாரைத் தேடுவது கம்போடியாவின் வழி. நடுவர் வேண்டுமா என்பதிலேயே உடன்பாடு இல்லாதபோது, நடுவர் என்ன செய்வார்?

தெற்காசியாவின் சார்க் இன்னும் ஒரு படி கீழே. இரு நாடுகளுக்கு இடையிலான சர்ச்சைகளைப் பேசவே கூடாது என்கிறது அதன் சாசனம். 2014-க்குப் பிறகு அதன் உச்சி மாநாடே நடக்கவில்லை.

யார் முதலில் சுட்டது?

ஒவ்வொரு முறையும் இரு தரப்பும் 'அவர்கள்தான் முதலில் சுட்டார்கள்' என்கின்றன. அதைப் பார்த்துச் சொல்ல நடுநிலையான கண்கள் அங்கே இல்லாததுதான் அடுத்த குண்டுக்கு வழிவிடுகிறது. இதில் 2025 ஒரு சின்ன முன்னேற்றத்தைக் கண்டது. 2011-ல் கால் வைக்கவே முடியாத பார்வையாளர்கள், இம்முறை மலேசியா தலைமையில் எல்லைப் பகுதிகளுக்குப் போனார்கள். ஆனாலும் அவர்கள் சிலர்தான். எல்லையோ சுமார் 800 கிலோமீட்டர். அவர்கள் எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்பதும் இரு நாடுகளின் சம்மதத்தைப் பொறுத்தது.

பார்த்ததைத் தயங்காமல் சொல்லும் உரிமை அந்தப் பார்வையாளர்களுக்கு வேண்டும். எல்லையில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது பாங்காக்கும் நாம்பென்னும்தான். அதுவரை ஒவ்வொரு போர்நிறுத்தத்தையும் நம்பி ஊர் திரும்பும் எல்லைக் கிராமத்து மக்கள், மூட்டையை முழுதாகப் பிரிக்காமலே வைத்திருக்க வேண்டியதுதான்.