சரிவு நிலமும் காடும்

கொடிகாமத்துத் தோட்டங்களில் பூவரசங் குழையையும் பழைய வேலியோலையையும் மண்ணில் தாழ்ப்பது நெடுங்கால வழக்கம். அங்குள்ள மணற்பாங்கான மண் நீரையோ பசளையையோ நெடுநாள் பிடித்து வைப்பதில்லை. கரைந்த நைதரசன் மாரிமழையோடு கீழிறங்கிக் கிணற்று நீரைச் சேர்கின்றது. குழை உக்கிய மண்ணோ சத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். மரம் மண்ணுக்கு உணவூட்டும் என்பதைத் தென்மராட்சிக் கமக்காரர் இவ்வாறு அனுபவத்தால் அறிந்திருக்கின்றனர்.

கொடிகாமம் சமதரை, ஆகவே அங்கே சத்து கீழ்நோக்கிப் போகின்றது. மலைநாட்டிலோ அது சரிவோடு ஓடுகின்றது; சத்தோடு மண்ணும் போய்விடுகின்றது. உணவுச்சத்தின் பெரும்பகுதி மேல்மண்ணின் சில அங்குலத்தினுள்ளேயே அடங்கியிருக்கும். உழுது வெறுமையாக விட்ட சரிவில் மழைத்துளி மோதும்போது, சத்து நிறைந்த நுண்துகள்களும் உக்கலுமே முதலில் அடித்துச் செல்லப்படுகின்றன. பரலும் கல்லும் எஞ்சுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கையின் மலைக்காடுகள் முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அழிக்கப்பட்டபோது நிகழ்ந்தது இதுவே. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்று தாவரவியலறிஞர் யோசேப்பு ஊக்கர் 1873இல் அறிவுறுத்தினார். 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

அவ்வாறு மெலிந்த சரிவை மீண்டும் காடாக்கினால் மண்ணின் வளம் திரும்புமா? திரும்பும், ஆயின் எல்லாச் சத்தும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை.

முதலிற் கிடைக்கும் பயன், இழப்பு நிற்பதே. இலைகளும் தரையில் விழுந்த சருகும் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிணைக்கின்றன. அடுத்து, சருகும் மாண்ட வேரும் உக்கி, காபனும் நைதரசனும் மேல்மண்ணிற் சேர்கின்றன. நட்ட முதற் சில ஆண்டுகளில் இவை சற்றுக் குறைவதும் உண்டு. பின்னர் பல பத்தாண்டுகளாகப் பெருகுகின்றன. அவரையினத்து மரங்களாயின், வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துவதால் அது விரைவிற் சேரும். ஆழ ஓடும் வேர்கள் பொற்றாசியத்தையும் கல்சியத்தையும் மேலே கொணர்ந்து இலைவழியாகத் தரைக்கு அளிக்கின்றன.

பொசுபரசின் நிலை வேறு. காற்றிலிருந்து அதனைப் பெற முடியாது. பாறை சிதைந்தே அது வரவேண்டும். மண்ணோடு அடித்துச் சென்ற பொசுபரசை ஒரு தலைமுறைக் காலத்திற் காடு ஈடுசெய்துவிடும் என்று எதிர்பார்த்தலாகாது.

சீனத்தின் அனுபவம் இதற்குச் சான்று. 1998இல் யாங்சி ஆற்றிற் பெருவெள்ளம் ஏற்பட்டது. மறு ஆண்டு சிச்சுவான், சென்சி, கான்சு மாகாணங்களில் செங்குத்தான வயல்களைக் காடாக்கும் திட்டம் தொடங்கியது. இருபத்தைந்து பாகைக்கு மேற்பட்ட சரிவுகளுக்கு முதலிடம் அளிக்கப்பட்டது. நிலத்தை விட்டுக்கொடுத்த குடியானவருக்குத் தானியமும் பணமும் வழங்கப்பட்டன. வயலை இழப்பவன் உணவையும் இழக்கலாகாது என்பதே அதன் நியாயம். காபனும் நைதரசனும் பல இடங்களில் உயர்ந்தன. பொசுபரசிற் பெருமாற்றம் காணப்படவில்லை. அன்றியும், மழை குன்றிய மஞ்சள் மண் மேட்டுநிலத்தில் நெருங்கி நட்ட மரங்கள் ஆழத்து ஈரத்தை உறிஞ்சிவிட்டன.

எனவே எந்த மரம் என்பது முக்கியமான கேள்வி. இலங்கை மலைநாட்டிற் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் நடப்பட்ட கரீபியன் பைன், வறிய மண்ணிலும் வளர்ந்தது. ஆனால் அதன் ஊசியிலை மெதுவாகவே உக்கும். கோடையில் எளிதிற் தீப்பற்றும். சிங்கராசக் காட்டின் எல்லையிலே பைன் வரிசைகள் சிலவற்றை நீக்கி, அந்த இடைவெளியில் உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டபோது அவை செழித்தன. மண்ணைக் காக்கும் முதல் மரமே இறுதி மரமாக இருக்கவேண்டும் என்பதில்லை.

எல்லாச் சரிவையும் காடாக்க வேண்டும் என்பதுமில்லை. மிகச் செங்குத்தான இடம் காட்டுக்கு உரியது. மென்சரிவிற் சமவுயரக் கோட்டின் வழியே சீமைக்கிளுவையை வேலியாக நட்டு, அதன் குழையை வெட்டிப் பயிருக்கு இடலாம். வேலி மண்ணைத் தடுக்கும். குழை மண்ணை ஊட்டும். கொடிகாமத்துக் கமக்காரன் பூவரசங் குழையைத் தாழ்க்கும்போது செய்வதும் இதே வேலைதான். ஆயினும் அவன் இழந்த சத்தை அடுத்த போகத்திலே ஓரளவு மீட்கலாம். மலைச்சரிவிலிருந்து போன மண்ணை மீட்க ஒருவன் ஆயுள் போதாது.