புகார் போனால் ஃபைல் வரும்

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கடிவாளம் அந்தந்த மாநிலத்தின் கையில். 1945-இல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதி செய்தது. கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், 1988-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 103-ஆம் முன்மொழிவின் மூலம், இன்சூரன்ஸ் கமிஷனரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வழி செய்தது.

வீட்டைத் தீயில் இழந்த ஒருவர், கம்பெனி இழுத்தடிக்கிறது என்று இன்சூரன்ஸ் துறைக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி 21 நாளுக்குள் முழுப் பதில் தர வேண்டும். துறை கேட்டால் கிளெய்ம் ஃபைலையும் நீட்ட வேண்டும். அந்த ஃபைலில் அதிகம் பேசுவது தேதிகள்தாம். தகவல் கிடைத்த 15 நாளுக்குள் பதில் போயிற்றா? ஆதாரங்கள் வந்துசேர்ந்த 40 நாளுக்குள் உண்டு, இல்லை என்று சொன்னார்களா? மறுத்திருந்தால், பாலிசியின் எந்த ஷரத்தைக் காட்டி? ஏதாவது ஆறு மாத காலத்துக்குள் மூன்றாவது அட்ஜஸ்டர் (இழப்பை மதிப்பிடுபவர்) வந்தால், கிளெய்ம் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்பெனி எழுதித் தர வேண்டும் என்றுகூடச் சட்டம் உண்டு. புது ஆள் வரும்போதெல்லாம் எரிந்த சாமான்களின் பட்டியலை முதலிலிருந்து ஒப்பித்து நொந்தவர்கள் யாரோதான் இதற்குக் காரணமாக இருந்திருப்பார்கள்.

சுவரில் இருப்பது பழைய விரிசலா, நிலநடுக்கத்தில் வந்ததா என்ற தகராறில் துறை தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்பு வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். ஆனால் ஒரே கம்பெனி மேல் ஒரே மாதிரிப் புகார்கள் குவிந்தால், அதன் நடைமுறை முழுவதையுமே துறை சோதிக்கலாம். 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் தீக்குப் பிறகு, ஸ்டேட் ஃபார்ம் ஜெனரல் கம்பெனி கிளெய்ம்களைக் கையாண்ட விதம் பற்றி அப்படியொரு சோதனையைக் கமிஷனர் ரிக்கார்டோ லாரா அறிவித்தார்.

சோதித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகும் சோதித்தார்கள். கம்பெனிகளின் முறைகேடுகளை அதிகாரிகள் அறிக்கையாகவே எழுதினார்கள். பெரிய அபராதமே போட்டிருக்கலாம். அன்றைய கமிஷனர் சக் குவாக்கன்புஷ், அபராதத்தை விட்டுவிட்டு, கம்பெனிகளிடமிருந்து அறக்கட்டளைகளுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கினார். அதில் ஒரு பங்கு, அவரே தோன்றும் டிவி விளம்பரங்களுக்குப் போனது. துறையின் வக்கீல் சிண்டி ஆசியஸ் அந்த ரகசிய அறிக்கைகளைச் சட்டமன்றத் தரப்பிடம் சேர்த்த பிறகே குட்டு உடைந்தது. 2000 ஜூனில் குவாக்கன்புஷ் ராஜினாமாவை அறிவித்தார். காலக்கெடு முடிந்துபோன நார்த்ரிட்ஜ் கிளெய்ம்களுக்காக மறுபடி வழக்குப் போட, 2001 தொடக்கத்திலிருந்து ஒரு வருட அவகாசம் தரும் தனிச்சட்டத்தையும் சட்டமன்றம் கொண்டுவந்தது.