நேர்த்தி வைத்த மனம்

நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் விடியற்காலை வெளிவீதி மணலில் ஈரவேட்டியோடு ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்வார்கள். முதுகெல்லாம் மணல் அப்பியிருக்கும். களைத்துக் கண் செருகுபவரைக் கூட வந்தவர்கள் புரட்டிவிடுவார்கள். பின்னால் பெண்கள் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழித்து வருவார்கள். பிள்ளையின் உயர்தரப் பரீட்சை, கனடா விசா, அம்மாவின் சத்திரசிகிச்சை என்று ஆளுக்கொரு வேண்டுதல், அதற்கொரு நேர்த்தி.

இதெல்லாம் பலிக்குமா?

அமெரிக்காவில் ஹேர்பட் பென்சன் குழுவினர் இதயப் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1802 பேரிடம், பிறருக்காகச் செய்யும் பிரார்த்தனை பலிக்குமா என்று சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் நோயாளிகளுக்கு நன்மை எதுவும் தெரியவில்லை. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதமானோருக்குச் சிக்கல்கள் வந்தன. பிரார்த்தனை நடந்தும் அதை உறுதியாக அறியாதவர்களில் அது 52 சதவீதம்தான். 'எனக்காகக் கும்பிடும் அளவுக்கு நிலைமை மோசமோ' என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு ஊகம்.

தனக்காகத் தானே வேண்டுவது வேறு சங்கதி. அப்போது விரும்பியதை மனக்கண்ணில் காண்கிறோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஃபாம், டெய்லர் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. பரீட்சைக்கு முந்திய நாட்களில் மாணவர்களில் ஒரு பகுதியினர், நல்ல புள்ளி கிடைத்து மகிழ்வதைத் தினமும் சில நிமிடம் மனக்கண்ணில் பார்த்தார்கள். மற்றப் பகுதியினர் பார்த்தது வேறு காட்சி: எங்கே இருந்து, எப்போது, எப்படிப் படிக்கப்போகிறோம் என்பது. இந்த இரண்டாவது கூட்டம் கூடுதலாகப் படித்தது, கூடுதல் புள்ளியும் எடுத்தது. வெற்றியை மட்டும் கண்டவர்கள் படித்த நேரமே குறைந்துபோனது. கிடைத்துவிட்டதாக நினைக்கும்போதே மனம் அரைவாசி திருப்தியடைந்து சோர்ந்துவிடுகிறது. 'நினைத்தால் நடக்கும்' என்று காசு வாங்கிக்கொண்டு போதிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் கோபம்.

ஆனால் நேர்த்தியில் வெறும் நினைப்போடு நின்றுவிட முடியாது. விரதம் இருக்கவேண்டும், உடம்பு நோகவேண்டும். மொரிசியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியைச் சைகலாட்டஸ் என்ற மானிடவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். 2019இல் வெளியான அவரது குழுவின் ஆய்வின்படி, அலகு குத்திக் காவடி எடுத்தவர்களின் உடல்நலம் கெடவில்லை. கூடுதலான அலகு குத்தியவர்கள் மனநலம் கூடுதலாக மேம்பட்டதாகச் சொன்னார்கள். தீராத நோயுள்ளவர்கள்தான் அதிகம் குத்திக்கொண்டார்கள் என்பதும் அதில் தெரிந்தது. யாழ்ப்பாணத்துத் தூக்குக்காவடியை ஆராய்ந்த ஜேன் டேர்ஜஸ், போரில் பட்ட, வாயால் சொல்லமுடியாத துன்பத்துக்கு அது ஒரு வடிகாலாவதை 2013இல் வெளியான தன் நூலில் விளக்குகிறார்.

ஆனால், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக நேர்த்தி வைக்கும் தாய் எந்த வழியை மனக்கண்ணில் பார்ப்பார்? முகாம், ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம் என்று எல்லா வாசலும் ஏறி இறங்கிவிட்டார். நேர்த்தி அவருக்கு நாளைக்கு எழும்பத் தெம்பு தரலாம். மகன் எங்கே என்று சொல்லவேண்டியது அரசுதான்.